கோழி மேய்த்தாலும் சர்க்காரில்தான் மேய்க்க வேண்டுமா?

"கோழி மேய்த்தாலும் கவர்ன்மெண்டில் மேய்க்க வேண்டும்" என்பது நம் மக்களிடையே நெடுநாளாக வழங்கிவரும் சொல். கப்பலேறி வந்து பினாங்கில் இறங்கிய நம் முன்னோர், தங்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்தச் சொல்லையும் கட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இன்றும் தோட்டத்துப் பிள்ளையொன்று எஸ்.பி.எம். பரீட்சையில் தேறிவிட்டால், பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு நிற்கும் தாய்க்கு முதலில் தோன்றும் ஆசை இதுதான்: "ஆபீஸ் பையனாக இருந்தாலும் பரவாயில்லை, என் பிள்ளைக்கு ஒரு சர்க்கார் வேலை கிடைத்துவிட வேண்டும்."

இந்த ஆசையைப் பரிகசிப்பது நமது நோக்கமன்று. மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் சம்பளம் இல்லை என்ற நிலையில் மூன்று தலைமுறை வாழ்ந்தவர்கள், மாதம் பிறந்தால் சம்பளம் என்று இருப்பவனைப் பார்த்து ஏங்குவதில் குற்றமென்ன? ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்த ஏக்கத்துக்கு ஆதாரமாக இருந்தது சர்க்கார் என்ற பெயரா, அல்லது அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த வேறொரு பொருளா? அந்தப் பொருள் இன்றும் சர்க்காரின் வாசலுக்குள் பத்திரமாக இருக்கிறதா? இதைச் சீர்தூக்கிப் பார்க்காமல் நம் பிள்ளைகளுக்கு வழி காட்டுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு வழி காட்டுவது போலாகும்.

ஒரே குடும்பம், மூன்று கணக்கு

செபராங் பிறையில் நாம் நன்கறிந்த ஒரு தோட்டக் குடும்பம் உண்டு. அண்ணன் இருபது வயதில் பெர்ரியேறி அக்கரைக்குச் சென்றார். ஜார்ஜ் டவுனில் நகராண்மைக் கழகத்தில் சாதாரணத் தொழிலாளியாகச் சேர்ந்து, சாக்கடை வெட்டினார், சாலை கூட்டினார், பிறகு லாரியில் ஏறினார். தங்கை தோட்டத்திலேயே இருந்துவிட்டார். விடியுமுன் பெரட்டு, நெற்றியில் விளக்கு, கையில் பால்கத்தி. பிறகு மங்கு, வாளி, ஸ்டோர். இருவரும் தத்தம் அறுபதாவது வயதில் ஓய்வு பெற்றார்கள். உழைப்பில் இருவரில் எவரும் குறைந்தவரல்லர் என்பதை அந்தத் தோட்டமே சொல்லும்.

இன்று அண்ணனுக்கு மாதாமாதம் பென்ஷன் வருகிறது. அவர் காலமானாலும் மனைவிக்கு அது தொடரும். சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவருக்கு வைத்தியம் உண்டு. தங்கைக்கு வந்தது ஊழியர் சேமநிதிப் பணம் ஒரே ஒரு முறை. தோட்டத்து வீட்டை விட்டு வெளியேற வேண்டியிருந்ததால் அதில் பெரும்பங்கு வீட்டு முன்பணத்துக்குப் போயிற்று. மிச்சம் மூன்றே ஆண்டுகளில் தீர்ந்தது.

அந்தத் தங்கையின் மகள் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை செய்கிறாள். ஊரார் அதைச் "சர்க்கார் வேலை" என்கிறார்கள். ஆனால் சம்பளம் கொடுப்பது சர்க்கார் அல்ல. ஒப்பந்தம் எடுத்த கம்பெனி. பன்னிரண்டு ஆண்டுகளில் நான்கு கம்பெனிகள் வந்து போய்விட்டன. பள்ளிக்கூடம் அதே, விளக்குமாறு அதே, கூட்டுகிற கையும் அதே. ஆனால் ஒவ்வொரு கம்பெனி மாறும்போதும் அவள் புதிய ஆள். பன்னிரண்டு ஆண்டு உழைத்தவளுக்கும் நேற்று வந்தவளுக்கும் சம்பளம் ஒன்றே.

மாமன், தாய், மகள் ஆகிய இந்த மூவரின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் சர்க்கார் வேலை, தனியார் வேலை என்னும் விவகாரத்தின் உண்மை புலப்படும்.

சம்பளமும் முதுமையும்

முதலில் சம்பளம். 2013 ஜனவரியில் இந்நாட்டில் குறைந்தபட்ச சம்பளச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது மாதம் 900 வெள்ளி. 2022 மே மாதம் 1,500 ஆகி, 2025 பிப்ரவரியில் ஐந்து பேருக்கு மேற்பட்டோ ஐந்து பேராகவோ ஆள் வைத்திருக்கும் முதலாளிகளுக்கு 1,700 என்றாகி, அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து எல்லா முதலாளிகளுக்கும் பொருந்தியது. சர்க்கார் பக்கத்தில் 2024 டிசம்பரில் புதிய சம்பளத் திட்டம் தொடங்கியது. கீழ் நிலை, நடு நிலை ஊழியருக்கு முதற்கட்டமாக 8 சதவிகிதம், 2026 ஜனவரியில் இரண்டாங்கட்டமாக 7 சதவிகிதம் என்பது ஏற்பாடு. அதன்படி அடிமட்டத்தில் சேருகிறவருக்கும் நிலையான அலவன்ஸ்கள் உட்பட 2,000 வெள்ளிக்கு மேல் கிடைக்கிறது.

வித்தியாசம் முந்நூறு வெள்ளி சொச்சம். ஏழைக்கு இது சிறு தொகையன்று. ஆயினும், இதற்காக மட்டும் எவரும் சர்க்கார் வேலையைத் தெய்வமாகக் கும்பிட மாட்டார்கள். தொழில் கற்ற பிள்ளைக்குத் தனியார் தொழிற்சாலையில் இதைவிட அதிகச் சம்பளமும் ஓவர்டைமும் கிடைப்பதுண்டு. உண்மையான வித்தியாசம் சம்பள நாளில் தெரிவதில்லை; சம்பளம் நின்றுபோகிற நாளில்தான் தெரிகிறது.

கணக்கைப் பாருங்கள். பென்ஷன் திட்டத்தில் இருக்கும் சர்க்கார் ஊழியர் ஒருவர் 30 ஆண்டு சேவை செய்து, 2,500 வெள்ளி கடைசிச் சம்பளத்தோடு ஓய்வு பெறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சேவை செய்த 360 மாதத்தைக் கடைசிச் சம்பளத்தால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் வருவது மாதப் பென்ஷன்: 1,500 வெள்ளி. சம்பளத்தில் ஐந்தில் மூன்று பங்கு. இதுவே உச்ச அளவு. இதைத் தவிர, கிராஜுவிட்டி என்னும் பணிக்கொடை ஒரே தொகையாக 67,500 வெள்ளி. அவர் எண்பது வயது வரை இருந்தாலும் தொண்ணூறு வயது வரை இருந்தாலும் பென்ஷன் நிற்காது.

தோட்டத் தொழிலாளிக்கோ 1951-ல் அமைக்கப்பட்ட ஊழியர் சேமநிதி ஒன்றே கதி. மாதம் 1,700 வெள்ளி சம்பளத்தில் தொழிலாளியின் பங்கு 11 சதவிகிதம், அதாவது 187 வெள்ளி; முதலாளியின் பங்கு 13 சதவிகிதம், 221 வெள்ளி; ஆக 408. நல்ல ஏற்பாடுதான். பணம் தொழிலாளியின் பெயரில் இருக்கிறது, லாபப் பங்கு சேருகிறது, வேலை மாறினாலும் கூடவே வருகிறது, இறந்தால் வாரிசுக்குப் போகிறது. ஆனால் இது இன்றைய சம்பளத்தின் கணக்கு. 2013-ல் 900 வெள்ளி வாங்கியவருக்கு மாதம் சேர்ந்தது 216 வெள்ளிதான். அதற்கு முந்திய ஆண்டுகளில் சட்டம் விதித்த அடித்தளச் சம்பளமே இல்லை. சம்பளம் சிறுத்தால் சேமநிதியும் சிறுக்கும். வாலிபத்தில் குறைந்த கூலி வாங்கியவன் முதுமையிலும் அந்தக் குறைந்த கூலியையே இரண்டாம் முறை அனுபவிக்கிறான். மேலும், பென்ஷன் மனிதனுடைய ஆயுளோடு நடக்கிறது. சேமநிதியோ ஆயுளுக்கு முன்னே ஓடித் தீர்ந்துவிடலாம். அண்ணன் தங்கை கதையில் நாம் கண்டது இதைத்தான்.

வேலை நிலைப்பது எப்படி?

அடுத்தது வேலைப் பாதுகாப்பு. சர்க்கார் ஊழியரை, அவர் தரப்பைச் சொல்லத் தக்க வாய்ப்பளிக்காமல் வேலை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாதென்று நாட்டின் அரசியலமைப்புச் சட்டத்தின் 135-வது ஷரத்து கூறுகிறது. நாட்டின் மூலச் சட்டமே அவருக்குக் காவல் நிற்கிறது.

தனியார் துறைத் தொழிலாளிக்கும் காவல் இல்லாமலில்லை. நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டால் 1967-ம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி வேலையைத் திரும்பக் கேட்டு மனுச் செய்யலாம். ஆனால் நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் மனு இலாகாவுக்குப் போய்ச் சேர வேண்டும். "கிராணி ஐயா பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்" என்று காத்திருந்து காலம் கடத்தியவர்களை நாம் அறிவோம். அறுபது நாள் என்பதை ஒவ்வொரு தோழரும் வீட்டுச் சுவரில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

ஆட்குறைப்பு நேர்ந்தால் 1980-ம் ஆண்டு விதிகளின்படி நஷ்ட ஈடு உண்டு. ஓராண்டுக்கு மேல் இரண்டு ஆண்டுக்குள் சேவை செய்தவருக்கு ஆண்டுக்குப் பத்து நாள் சம்பளம். இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குள் என்றால் பதினைந்து நாள். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் இருபது நாள். தோட்டம் ஒரு முதலாளியிடமிருந்து இன்னொரு முதலாளிக்குக் கைமாறும்போது, புதியவர் பழைய நிபந்தனைகளுக்குக் குறையாமல் வேலை கொடுத்துத் தொழிலாளியும் ஏற்றுக்கொண்டால், பழைய சேவையும் தொடர்ந்து எண்ணப்படும். இதை நினைவில் வையுங்கள், பின்னர் தேவைப்படும்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்: சர்க்கார் ஊழியருக்கு உள்ள காவல் வேலையைக் காக்கிறது. நமக்கு உள்ள காவல் பெரும்பாலும் வேலை போனபின் விலை பேசுகிறது.

வானத்திலிருந்து விழுந்ததன்று

சர்க்கார் ஊழியர் அனுபவிக்கும் இவையெல்லாம் சர்க்காரின் தரும குணத்தால் வந்தவை என்று நினைப்பவர்கள் சரித்திரத்தைப் புரட்ட வேண்டும். சர்க்காரிலும் கிராணிகளும் உத்தியோகஸ்தர்களும் மாதச் சம்பளக்காரர்கள். கையால் வேலை செய்தவர்களோ நாட்சம்பளக்காரர்கள். மலாயா ரயில்வேயில் தண்டவாளம் போட்டவர்களும், கரி வாரியவர்களும், பட்டறையில் நின்றவர்களும் அப்படித்தான் இருந்தார்கள். அவர்களில் தமிழர் எத்தனை பேர் என்பதை வடக்கே பிறையிலிருந்து தெற்கே சிங்கப்பூர் வரை வரிசையாக நின்ற ரயில்வே குவார்ட்டர்ஸ்கள் சொல்லும்.

அந்த ரயில்வேத் தொழிலாளர்கள் நாட்சம்பளத்தை மாதச் சம்பளமாக மாற்றக் கோரி 1962 டிசம்பரில் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஏறத்தாழ மூன்று வாரம் நாட்டின் ரயில்கள் நின்றன. அடுப்பெரியாத வீடுகளில் அவர்கள் புத்தாண்டைக் கண்டார்கள். அந்தப் போராட்டத்தின் பலனாகவே நாட்சம்பளக்காரன் மாதச் சம்பளக்காரன் ஆனான். ஆகவே "சர்க்கார் வேலையின் சுகம்" என்று நாம் சொல்வது, ஒரு காலத்தில் நம்மைப் போலவே நாட்கூலி வாங்கியவர்கள் பசியோடு நின்று பெற்றது.

அதே காலத்தில் தோட்டங்களில் நம் நிலை என்ன? ரப்பர் விலையோடு ஏறி இறங்கும் நாட்சம்பளம். லண்டனில் விலை விழுந்தால் நிபோங் திபாலில் அரிசிப் பானை சிறுக்கும். வியாபாரத்தின் நஷ்டத்தில் தொழிலாளிக்குப் பங்கு உண்டு. லாபத்தில் உள்ள பங்கோ மிகவும் சொற்பம். போதாக்குறைக்கு 1950-களில் தோட்டத் துண்டாடல் வந்தது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைக் கூறு போட்டு விற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் ஒரே நாளில் இழந்தன. அந்த அபாயத்தைக் கண்டுதான் 1960-ல் வீ.தி. சம்பந்தன் அவர்கள் முயற்சியால் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. தொழிலாளர்கள் மாதா மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். வேலைப் பாதுகாப்பு என்ற சொல்லின் பொருளை நமக்கு எவரும் வகுப்பு வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சர்க்காரே முதலாளியானால்?

"அப்படியானால் சர்க்காரே தோட்டங்களை எடுத்து நடத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே" என்று சில தோழர்கள் கேட்பதுண்டு. நம் இனத்தாரே இதைப் பரீட்சை செய்து பார்த்த இரண்டு இடங்கள் இருக்கின்றன.

இலங்கையில் 1972-லும் 1975-லும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. துரைமார் போய்ச் சர்க்கார் கூட்டுத்தாபனங்கள் வந்தன. மலையகத் தமிழ்த் தொழிலாளி சர்க்கார் தோட்டத்தின் தொழிலாளி ஆனான். ஆனால் சர்க்கார் ஊழியன் ஆகவில்லை. நாட்கூலி நாட்கூலியாகவே நின்றது, லயம் லயமாகவே நின்றது, பென்ஷன் வரவில்லை. அந்த மாற்றத்தின் நடுவிலேயே 1973, 1974-ம் ஆண்டுகளில் மலையகத்தைப் பசி வாட்டியது. பிறகு 1992-ல் தோட்ட நிர்வாகம் மறுபடியும் தனிக் கம்பெனிகளிடம் போயிற்று.

அந்த மலையகத்திலிருந்து தாயகம் திரும்பியவர்களில் ஒரு பகுதியினருக்குக் கன்னியாகுமரி மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் வேலை கிடைத்தது. அவை தமிழ்நாட்டு அரசின் தோட்டங்கள். 1984 முதல் அரசு ரப்பர் கழகம் அவற்றை நடத்துகிறது. நம்மைப் போலவே பால் வெட்டுகிறவர்கள். முதலாளியோ சாக்ஷாத் சர்க்கார். அவர்களும் சம்பள ஒப்பந்தத்துக்குக் காத்திருந்து, காத்திருந்து, 2022-ல் வேலை நிறுத்தம் செய்தார்கள்.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது யாது? வாசற்பலகையில் எழுதியிருக்கும் பெயர் தொழிலாளியைக் காப்பதில்லை. அவனை எந்த விதியின் கீழ் வேலைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் காக்கிறது. சர்க்காராயினும் கம்பெனியாயினும், முதலாளியின் கையைக் கட்டுகிற விதி இருந்தால் தொழிலாளிக்குப் பாதுகாப்பு உண்டு. விதி இல்லாவிட்டால் சர்க்காரும் இன்னொரு கம்பெனிதான்.

ஒரு வாசல், இரண்டு விதமான ஆட்கள்

இனி நம் பினாங்குக்கு வருவோம். இத்தீவில் தமிழர்கள் சர்க்கார் வேலையென்று நம்பிச் சேர்ந்த இடங்கள் எவை? துறைமுகம், ரயில்வே, மின்சாரம், நகராண்மைக் கழகம், ஆஸ்பத்திரி. 1990-ல் தேசிய மின்சார வாரியம் தெனாகா நேஷனல் கம்பெனியாயிற்று. 1992-ல் ரயில்வே கம்பெனியாயிற்று. 1994-ல் துறைமுக வேலைகள் துறைமுக ஆணையத்திடமிருந்து தனிக் கம்பெனிக்குப் போயின. பழைய ஊழியருக்கு நிபந்தனைகள் குறையா, ஐந்தாண்டுக்கு ஆட்குறைப்பு இல்லை என்பது அன்றைய தனியார்மயக் கொள்கை அளித்த வாக்குறுதி. பழையவர்களுக்கு அது ஓரளவு காவலாயிற்று. ஆனால் அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கு எந்த வாக்குறுதியும் இல்லை.

1997-ல் அரசாங்க ஆஸ்பத்திரிகளின் துப்புரவு, சலவை முதலிய ஐந்து வேலைகள் கம்பெனிகளுக்குக் கொடுக்கப்பட்டன. பள்ளிக்கூடங்களின் துப்புரவும் காவலும் அவ்வாறே ஒப்பந்தத்துக்குப் போயின. இந்த வேலைகளில் இருப்பவர்கள் யார்? பெரும்பாலும் பெண்கள், அவர்களில் நம் தோட்டங்களிலிருந்து வெளியேறியவர்கள் கணிசமானோர். ஈப்போ அரசாங்க ஆஸ்பத்திரியின் முன்னே 2020 ஜூன் மாதம் துப்புரவுத் தொழிலாளர்களுக்காக மறியல் நடந்தபோது சங்கத்தைச் சேர்ந்த ஐவர் கைது செய்யப்பட்டதை நாடு பார்த்தது.

இப்போது முன்பு நினைவில் வைக்கச் சொன்ன விதிக்கு வருவோம். தோட்டம் கைமாறினால் சேவை தொடர வழி உண்டு. ஒப்பந்தம் கைமாறினால்? பழைய கம்பெனி எதையும் விற்கவில்லை, புதிய கம்பெனி எதையும் வாங்கவில்லை. ஆகவே சேவையும் தொடர்வதில்லை. பன்னிரண்டு ஆண்டு கூட்டிப் பெருக்கிய நம் மகளுக்கு நான்கு முறை கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கியது இப்படித்தான். இருபது நாள் நஷ்ட ஈட்டுக்குரிய ஐந்தாண்டு சேவை அவளுக்கு ஒருநாளும் பூர்த்தியாகாது. நாடு முழுதும் பென்ஷன் கொடுக்கும் சர்க்காரின் கூரையின்கீழ், தோட்டத்தில் கிடைக்கும் பாதுகாப்புகூட இல்லாமல் அவள் நிற்கிறாள். சர்க்கார் சம்பளமும் இல்லை, தனியார் துறையின் சேவை உரிமையும் இல்லை.

இது விளக்குமாறு பிடித்தவர்களோடு நின்றுவிட்டதென்றும் எண்ண வேண்டாம். 2016 முதல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் புதிய டாக்டர்களையும் ஒப்பந்தத்தில் நியமிக்கத் தொடங்கினார்கள். 2021 ஜூலை 26-ல் அந்த டாக்டர்கள் வெள்ளைக் கோட்டோடு வெளியே வந்து நின்றார்கள். துப்புரவுப் பெண்ணுக்கு நேர்ந்தபோது கேட்காத காதுக்கு டாக்டருக்கு நேர்ந்தபோதுதான் கேட்டது. இறுதியாக, 2024 பிப்ரவரி முதல் சர்க்கார் வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பென்ஷன் திட்டமில்லை, சேமநிதிதான் என்றாயிற்று. அண்ணனுக்குக் கிடைத்த சர்க்கார் வேலை, இன்று சேருகிற பிள்ளைக்கு அதே வேலையாக இல்லை. கோழி அதே கோழி. மேய்ச்சல் நிலம் மாறிவிட்டது.

தொழிற்சாலையின் பளபளப்பு

அக்கரையில் இன்னொரு வாசலும் உண்டு. 1972-ல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபோது தோட்டத்துப் பெண்கள் பஸ்ஸேறித் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். குளிர்சாதன அறை, மாதச் சம்பளம், போனஸ். நல்லதுதான்; நம் குடும்பங்கள் பல தலை தூக்கியது அதனால்தான். ஆனால் மின்னணுத் தொழிலாளர்கள் ஒரே தேசியச் சங்கமாகச் சேர நெடுங்காலம் அனுமதியில்லை. 1988-ல் கம்பெனிக்கொரு சங்கம் என்றார்கள். வட்டாரச் சங்கம் அமைக்கவே 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. சங்கமில்லாத இடத்தில் வரும் உயர்ந்த சம்பளம் ஆர்டர் இருக்கும்வரை. ஆர்டர் குறைந்த அன்று முதலில் குறைவது ஆட்கள். ஆதலால் பிள்ளை தொழிற்சாலைக்குப் போனால், "சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்காமல், "சங்கம் உண்டா?" என்றும் பெற்றோர் கேட்கப் பழக வேண்டும்.

அவர்கள் சொல்லும் நியாயம்

எதிர்த்தரப்பு நியாயத்தையும் கேட்போம். ஆண்டுக்காண்டு உயரும் பென்ஷன் செலவை நாடு தாங்காது என்கிறது அரசாங்கம். செலவு உயர்வது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. வேலை போகாது என்ற தைரியத்தில் கடமையைத் தட்டிக் கழிப்பவர்கள் சர்க்கார் அலுவலகங்களில் இருக்கிறார்கள் என்பதையும், கவுண்டர் முன்னே கால் கடுக்க நின்ற எவரும் மறுக்க மாட்டார்கள்.

ஆயினும் ஒன்று கேட்கிறோம். பாரத்தைக் குறைப்பதென்றால் ஏன் எப்போதும் அடியில் இருப்பவனின் முதுமையிலிருந்தே தொடங்குகிறார்கள்? பென்ஷன் இருக்கிறவனிடமிருந்து பிடுங்கினால் பென்ஷன் இல்லாதவனுக்கு என்ன லாபம்? நம்முடைய தோழர்களில் சிலர், "நமக்குத்தான் இல்லை, அவர்களுக்கும் போகட்டும்" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறோம். இது முதலாளிகள் கேட்க மிகவும் விரும்பும் பேச்சு. பக்கத்து வீட்டுக் கூரை எரிந்தால் நம் வீடு ஒழுகுவது நின்றுவிடுமா? உயரத்தில் ஒரு அளவுகோல் இருக்கும்வரைதான், "எங்களுக்கும் அந்த அளவு வேண்டும்" என்று நாம் கேட்க முடியும். அளவுகோலே முறிந்துபோனால் எதைக் காட்டிக் கேட்பது?

நாம் கேட்பது

ஆகவே சர்க்கார் வாசலில் கூட்டமாக நிற்பதைவிட, அந்த வாசலுக்குள் இருந்த பாதுகாப்பைத் தோட்டத்துக்கும் தொழிற்சாலைக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் கொண்டுவருவதே நமது வேலை என்பது நமது கருத்து. மூன்றே காரியங்களைச் சொல்கிறோம்.

ஒன்று: அரசாங்கக் கட்டடத்தில் ஒப்பந்தம் கைமாறும்போது, வேலையில் இருப்பவர்களைப் புதிய கம்பெனி பழைய சேவையோடு ஏற்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தோட்டம் விற்கப்படும்போது பின்பற்றப்படும் நியாயம் பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஏன் ஆகாது? நிரந்தரமாக நடக்கிற வேலைக்கு நிரந்தர ஆளை அரசாங்கமே வைத்துக்கொண்டால் இன்னும் உத்தமம்.

இரண்டு: குறைந்தபட்ச சம்பளம் என்பது தரை, அதைக் கூரையாக்கக் கூடாது. சேவை ஆண்டுக்கேற்ற உயர்வு சர்க்கார் ஊழியருக்கு இருப்பதுபோல் பால் வெட்டுபவருக்கும் வேண்டும். மழை நாளும் மரம் இலையுதிர்க்கும் காலமும் தொழிலாளியின் குற்றமல்ல; அந்நாட்களில் அவன் அடுப்பு அணையக் கூடாது. நம்மோடு வெட்டும் வங்காளதேச, இந்தோனேசியத் தோழர்களையும் இதில் சேர்த்தே கேட்கிறோம். அவர்களுக்கு 2025 அக்டோபர் முதல் சேமநிதி கட்டாயமாகியும், முதலாளியின் பங்கு 2 சதவிகிதமே. அவர்கள் மலிவாக இருக்கும்வரை நம் சம்பளமும் உயராது.

மூன்று: முதுமை. சேமநிதி தீர்ந்த பின்னும் உயிர் இருக்கிறது. சிறு கூலி வாங்கி ஓய்ந்தவர்களுக்கு மாதாமாதம் ஒரு தொகை கிடைக்க ஏற்பாடு வேண்டும். ஓய்வு பெறும் நாளில் தோட்டத்து வீட்டுச் சாவியைக் கேட்பதற்கு முன், அவர்கள் போய்த் தங்க ஒரு வீடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தில் இந்த ஆண்டு பரீட்சை எழுதிய பையன் ஒருவன் இருக்கிறான். துப்புரவு வேலை செய்யும் மகளின் மூத்த பிள்ளை. பாட்டி அவனைச் சர்க்கார் வேலைக்கு மனுப் போடச் சொல்கிறாள். போடட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் நியமனக் கடிதம் வந்தால், சம்பளத் தொகையைப் பார்க்குமுன் மூன்று வரிகளை அவன் தேடிப் படிக்க வேண்டும். எனக்குச் சம்பளம் கொடுக்கும் முதலாளி உண்மையில் யார்? என் சேவை எந்த நாளிலிருந்து எண்ணப்படும், எப்போது அறுந்துபோகும்? நான் உழைத்து ஓய்ந்த பின் எனக்கு என்ன மிஞ்சும்? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் இருக்குமானால் அது நல்ல வேலை. கொடுப்பது சர்க்காரா, கம்பெனியா என்பது இரண்டாம் பட்சம். நல்ல பதில் இல்லையென்றால், அங்கே அவன் தேட வேண்டியது வேறு வேலையையன்று. முதலில் ஒரு சங்கத்தை.